17 மதிப்பெண் வந்தால் நோய் இல்லையா? ஐ.ஜி.ஜி.4 கேள்வி பதில்

நோயெதிர்ப்பு அணுக்கள் உறுப்புகளுக்குள் குவிந்து வீக்கத்தையும் தழும்பையும் உண்டாக்கும் அரிய நோய் ஐ.ஜி.ஜி.4 சார்ந்த நோய். ஐ.ஜி.ஜி.4 என்பது இரத்தத்தில் உள்ள ஒரு நோயெதிர்ப்புப் புரதம். கணையம், பித்தநாளம், உமிழ்நீர்ச் சுரப்பி, கண்குழி, சிறுநீரகம் எனப் பல இடங்களில் வரும். அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்புகள் 2019இல் இதற்கான, மதிப்பெண் போடும் வகைப்படுத்தல் அளவுகோலைக் கூட்டாக வெளியிட்டன. கோலாலம்பூரில் இத்தகைய நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறேன்.

செந்தூல் வாசகி: அப்பாவுக்கு 62 வயது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீக்கம். இரத்தத்தில் ஐ.ஜி.ஜி.4 அளவு இயல்பைவிட ஐந்து மடங்குக்கு மேல். இணையத்தில் கணக்குப் போட்டால் 17 மதிப்பெண்தான் வருகிறது, 20 வேண்டுமாம். அப்படியென்றால் நோய் இல்லையா, டாக்டர்?

இல்லை அம்மா, அப்படி முடிவு செய்யாதீர்கள். உங்கள் கணக்கு சரிதான்: ஒரு சுரப்பி இணைக்கு 6, இரத்த அளவுக்கு 11. ஆனால் இந்த அளவுகோல் ஆய்வுக்கு ஒரே மாதிரியான நோயாளிகளைத் திரட்டுவதற்காக உருவானது. உங்கள் அப்பாவுக்கு என்ன நோய் என்று தீர்மானிப்பது அதன் வேலையே அல்ல.

ஒன்று செய்யுங்கள். அப்பாவின் மைகார்டு (அடையாள அட்டை) படத்தை அவர் முகத்துக்கு அருகில் வைத்துப் பாருங்கள். மேல் இமையின் வெளிப்புற ஓரம் முன்பைவிடப் புடைத்திருக்கிறதா? கண்ணீர்ச் சுரப்பிகளும் வீங்கியிருப்பது ஸ்கேனில் உறுதியானால், சுரப்பிகளுக்கான 6 மதிப்பெண் 14 ஆகும், மொத்தம் 25. நேற்று 17, இன்று 25. நோயாளி மாறவில்லை, நாம் பார்த்த இடம்தான் மாறியது. இமை மெல்ல மெல்லப் புடைப்பதால் வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை.

பினாங்கு மருத்துவ மாணவர்: எங்கள் பழைய கோப்புகளில் உள்ள நோயாளிகளை வைத்து இந்த அளவுகோலைச் சோதிக்க விரும்புகிறேன். எங்கே தவறு நேரும்?

முதல் கோப்பைத் திறக்கும் முன்பே நேரலாம். இருபதைத் தாண்டியவர்களை 'நோயாளிகள்' என்று வைத்துக்கொண்டு பிறகு அதே அளவுகோலைச் சோதித்தால், விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதியதாகிவிடும். அனுபவமுள்ள இரு மருத்துவர்கள் மதிப்பெண்ணைப் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்கட்டும். அவர்கள் முடிவை அறியாத மூன்றாமவர் மதிப்பெண் போடட்டும்.

அடுத்தது ஒப்பீட்டுக் குழு. ஆரோக்கியமானவர்களைச் சேர்த்தால் எந்த அளவுகோலும் பிரமாதமாகத்தான் தெரியும். ஷோக்ரன் நோய், நிணநீர்ப் புற்று, கணையப் புற்று, இரத்தக்குழாய் அழற்சி என நம்மைக் குழப்பும் நோயாளிகளைச் சேருங்கள். முதலில் உறுப்புப் பாதிப்பு, பிறகு விலக்கு நிபந்தனைகள், கடைசியில்தான் மதிப்பெண். இந்த வரிசையை மாற்றாதீர்கள். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் போன்ற ஒரு விலக்கு இருந்தாலே கணக்கு அங்கே நின்றுவிடும்.

பழைய கோப்புகளில் செய்யப்படாத பரிசோதனைகள் நிறைய இருக்கும். அவற்றுக்கு மதிப்பெண் கிடைக்காது. ஆகவே உணர்திறன், அதாவது உண்மை நோயாளிகளை அளவுகோல் கண்டுபிடிக்கும் விகிதம், குறைவாகத் தெரியும். எத்தனை பேருக்கு எது செய்யப்படவில்லை என்பதை அட்டவணையாகவே போடுங்கள். அதை மறைத்த ஆய்வை நான் நம்புவதில்லை.

மூல ஆய்வின் முதல் சரிபார்ப்புக் குழுவில் உணர்திறன் 85.5 விழுக்காடு, தனித்தன்மை (இந்த நோய் இல்லாதவர்களைச் சரியாக ஒதுக்கும் விகிதம்) 99.2 விழுக்காடு. இரண்டாவது குழுவில் 82.0, 97.8. அதாவது நூறு உண்மை நோயாளிகளில் பதினைந்து முதல் பதினெட்டுப் பேர் வெளியே நிற்பார்கள். ஆய்வுக்குள் தவறான ஆள் நுழையக்கூடாது என்பதற்குக் கொடுக்கும் விலை அது. செந்தூல் வாசகியின் அப்பா அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவராக இருக்கலாம்.

செராஸ் வாசகர்: திசுப் பரிசோதனை கட்டாயமா?

2019 அளவுகோலின்படி கட்டாயமில்லை. ஆனால் கணையத்தில் கட்டி, மஞ்சள் காமாலை என்று வருபவரிடம் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் நான் நகரமாட்டேன். நுண்ணோக்கியில் இந்த நோயின் தழும்பு இழைகள் கோரைப்பாய் முடைந்ததுபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: ஸ்டெராய்டு கொடுத்ததும் என் கணவருக்கு வீக்கம் வற்றிவிட்டது. இதுவே நிரூபணம் ஆகாதா?

ஆகாது. மருந்துக்குச் சற்றும் அசையாவிட்டால் அது இந்த நோய் அல்ல என்று விலக்க உதவும். ஆனால் நிணநீர்ப் புற்றும் ஸ்டெராய்டில் சுருங்கும்! திசு எடுப்பதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்கினால் தடயம் அழிந்துபோகலாம். இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும்: மலேசியாவில் நீரிழிவு அதிகம் காணப்படுவது நம் இந்தியர்களிடம்தான். ஸ்டெராய்டு சர்க்கரையை ஏற்றும். வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள். காசநோய், ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனைகள் செய்தார்களா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: எனக்குப் பல உறுப்புகளில் வீக்கம், ஆனால் ஐ.ஜி.ஜி.4 இயல்பாக இருக்கிறது. ஆய்வகத் தவறா?

இருக்கலாம். அந்தப் புரதம் மிக அதிகமாக இருக்கும்போது சில பரிசோதனை முறைகள் குறைவாகக் காட்டிவிடும். இரத்த மாதிரியை மேலும் நீர்க்கச் செய்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் இயல்பாகவே வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. உண்மையான நோயாளிகள் சிலருக்கு அளவு உயர்வதே இல்லை. மதிப்பெண் பட்டியலில் அந்த வரியில் பூஜ்யம் போட்டுவிட்டு, மற்ற வரிகளைப் பார்ப்போம்.