சராசரி 3.5: நல்லதா, கெட்டதா?

கேள்வி: எங்கள் நிறுவனம் பாயான் லெப்பாசில் இருக்கிறது. அலுவலகப் பிரிவில் 60 பேர். வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. "இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறதா?" என்று கூகுள் படிவத்தில் கேட்டோம். 40 பேர்தான் பதில் அனுப்பினார்கள். 5க்குச் சராசரி 3.5. இதை எப்படி எடுத்துக்கொள்வது?
- மனிதவளப் பிரிவு வாசகி, பினாங்கு

பதில்: சராசரியை ஒதுக்கி வையுங்கள். 20 பேர் 5ம் 20 பேர் 2ம் போட்டாலும் 3.5தான், 20 பேர் 4ம் 20 பேர் 3ம் போட்டாலும் அதே 3.5தான். முதல் நிலையில் பாதிப் பேர் மனம் நொந்திருக்கிறார்கள். எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் போட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பதில் அனுப்பாத 20 பேரைத்தான் பெரிதாக நினைக்க வேண்டும். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற அமைப்பை இயக்கியிருந்தால், கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். படிவத்தின் மேலே அவரவர் மின்னஞ்சல் தெரியும். முகவரி உங்களுக்கு வராது என்றாலும், அதைப் பார்த்தவுடன் பலர் மூடிவிடுவார்கள். அதை அணைத்துவிடுங்கள், ஓரிருவர் இருமுறை அனுப்பினால் பரவாயில்லை. வயது, பாலினம், சேவை ஆண்டு எல்லாம் கேட்காதீர்கள். 'கணக்குப் பிரிவு, பெண், 10 ஆண்டு' என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிரிவு மட்டும் போதும். ஐந்து பேருக்குக் குறைவாகப் பதில் வந்த பிரிவை இன்னொன்றோடு சேர்த்துத்தான் வெளியிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

அடுத்தது கேள்வி. பினாங்குப் பாலத்து நெரிசலிலிருந்து தப்பியவர் 'பிடித்திருக்கிறது' என்றுதான் சொல்வார். மடிக்கணினி, மேற்பார்வையாளர், வேலை நேரம், பதவி உயர்வில் நியாயம் என ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். "இணையமும் மேலாளர் உதவியும் போதுமா?" என்று இரண்டை ஒட்டினால் பதிலுக்குப் பொருளே இல்லை. "கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள், வேலை முடிந்தபின் வாட்ஸ்அப்பில் வேலைச் செய்தி வந்தது?" என்று கேட்டால், எதைத் திருத்த வேண்டும் என்பது பதிலிலேயே இருக்கும். பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு மேல் வேண்டாம்.

தொழிற்சாலைத் தளத்தில் நிற்கும் டெக்னீசியன்களையும் கேளுங்கள். வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை அவர்களுடையது. மனக்குறை அங்கேதான் சேரும்.

போனஸ் கடிதம் கொடுக்கும் வாரத்தைத் தவிருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்விகளை, ஒரு சொல்கூட மாற்றாமல் கேட்டால்தான் ஒப்பிட முடியும். முடித்த இரண்டு வாரத்துக்குள் முடிவுகளையும், மாற்றப்போகும் ஒரு விஷயத்தையும் தேதியோடு அறிவியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை 40 பேர்கூட வரமாட்டார்கள்.

உங்கள் கோப்பிலேயே இன்னோர் அளவுகோல் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் மலேசிய வேலைச் சட்டத்தின்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றக் கேட்டு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை விண்ணப்பம், எத்தனை மறுப்பு என்று கணக்கெடுத்து, கருத்துக்கணிப்பு முடிவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.