பெண்களை மட்டுமே விரும்பும் ஆண், ஆசனவாயில் செருகும் பாலியல் பொம்மையைப் பயன்படுத்தலாமா? முதல்முறை எப்படிப் பாதுகாப்பாகத் தொடங்குவது?

தாராளமாகப் பயன்படுத்தலாம். புராஸ்டேட் சுரப்பி எல்லா ஆண்களுக்கும் உண்டு. மலக்குடலின் முன்சுவரை ஒட்டி, தொப்புள் பக்கமாக, சில சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே சுகம் தெரிவது நரம்புகளின் வேலை. யார்மேல் ஆசை வருகிறது என்பதை அது மாற்றாது. ‘நான் ஓரினச்சேர்க்கையாளனோ’ என்ற பயத்தில் மனைவியிடம்கூடச் சொல்லாமல் தவிப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வாங்கும்போது முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். மற்ற பாகத்தைவிட அது நன்றாக அகன்று விரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொம்மை முழுதாக உள்ளே போய்விடக்கூடும். அப்புறம் அறுவை சிகிச்சைவரை போக நேரலாம். கேரட், பாட்டில், டார்ச் எதுவும் வேண்டாம். விரல் பருமனில் வழவழப்பான சிலிகோன் பொம்மை போதும்.

ஆசனவாயில் தானாக வழுவழுப்பு சுரக்காது, எச்சிலும் போதாது. நீர் சார்ந்த ஜெல்லை நிறையத் தடவுங்கள், காய்ந்தால் மறுபடியும். சிலிகோன் ஜெல் சிலிகோன் பொம்மையைக் கெடுத்துவிடக்கூடும். வெளிச் சுருக்குத்தசை நம் சொல் கேட்கும், உள்தசை கேட்காது. அதனால் நகம் வெட்டிய விரலால் தொடங்கி, மூச்சை மெதுவாக விட்டபடி, தசை தளரும்வரை காத்திருங்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல் கூடவே கூடாது. நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கையே வலிதான்.

மூலமோ வெடிப்போ இருந்தால் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். முடிந்ததும் பொம்மையைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவுங்கள். கழுவாமல் துணையின் பிறப்புறுப்பில் படவிடாதீர்கள். பொம்மை உள்ளே சிக்கினாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ கூச்சப்படாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மருத்துவர்களுக்கு இது புதிதல்ல.