ஆமிஷ் காதல் நாவல்கள்: கேள்வி பதில்

கேள்வி: முத்தமே கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது. இதில் அப்படி என்ன ஈர்ப்பு?

பதில்: தடை நிஜமானது, அதுதான் ஈர்ப்பு. மற்ற காதல் கதைகளில் இருவரையும் பிரித்துவைக்க எழுத்தாளர் ஒரு சந்தேகத்தையோ தொலைந்த கடிதத்தையோ கொண்டுவந்து ஒட்ட வேண்டும். இங்கே அந்தப் பாடு இல்லை. ஆமிஷ் என்பவர்கள் அமெரிக்காவில் குதிரை வண்டியோடு பழைய முறையில் வாழும் கிறிஸ்தவச் சபையினர். அவர்களிடம், வளர்ந்தபின் தாமாக முடிவெடுத்து ஞானஸ்நானம் பெறாமல் கல்யாணம் கிடையாது. பெற்றபின் சபைக்கு வெளியே மணக்க முடியாது. விவாகரத்தும் இல்லை. அதனால்தான் ஞாயிறு இரவு இளையோர் பாட்டுக் கூட்டம் முடிந்ததும், "வண்டியில் வீட்டில் விடட்டுமா?" என்று பையன் கேட்பதே பெரிய கட்டமாகிவிடுகிறது.

கேள்வி: எழுதுபவர்களும் ஆமிஷ்தானே?

பதில்: பெரும்பாலும் இல்லை, எவாஞ்சலிகல் கிறிஸ்தவப் பெண்கள். அட்டையில் லிப்ஸ்டிக் பூசிய மாடலுக்குத் தொப்பி மாட்டியிருப்பார்கள். அட்டையை நம்பாதீர்கள்.

கேள்வி: வீட்டைவிட்டு ஓடிய 16 வயதுப் பெண்ணைச் சபை விலக்கிவைக்கிறதே, கொடுமையில்லையா?

பதில்: விலக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும். ரும்ஸ்பிரிங்கா வயதில், அதாவது சபையில் சேருமுன் சற்றே சுதந்திரமாகத் திரியும் இளம்பருவத்தில் இருப்பவள் பெரும்பாலும் இன்னும் சபை உறுப்பினரே ஆகியிருக்க மாட்டாள்.

கேள்வி: நான் படித்ததில் அப்பாவே அவளோடு ஒரே மேஜையில் சாப்பிட மறுக்கிறாரே?

பதில்: அவள் ஞானஸ்நானம் பெற்றவளா என்று திருப்பிப் பாருங்கள். பெற்றிருந்தால் தனி மேஜை சரி. இல்லையென்றால் எழுத்தாளர் சறுக்கியிருக்கிறார்.

கேள்வி: அப்பாவின் கோபமும் ஒருவகை விலக்குதானே? ரொம்பத்தான் சட்டம் பேசுகிறீர்கள்.

பதில்: சட்டம்தான் இங்கே கதை. வீட்டுக் கோபம் தானாக ஆறும். விலக்கு, சபை கூடி எடுக்கும் முடிவு. சபை முன் தவற்றை ஒப்புக்கொண்டு திரும்பினால்தான் நீங்கும். 1693-இல் ஜேக்கப் அம்மான் (ஆமிஷ் என்ற பெயரே இவரிடமிருந்து வந்தது) மற்ற அனபாப்டிஸ்டுகளிடமிருந்து, அதாவது வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெறும் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரிந்ததே இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற சண்டையில்தான். ஞானஸ்நானத்துக்கு முன் காதலித்தாளா, பின்பா? நாவலின் முடிச்சு அங்கே இருக்கிறது. அதைக் குழப்பினால் மிச்சம் வெறும் தொப்பியும் குதிரையும்.

கேள்வி: விவரம் தெரிந்து எழுதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கல்யாணக் காட்சியைப் படியுங்கள். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் என்றால் மரபுப்படி அறுவடைக்குப் பிறகு, நவம்பர் வாக்கில், செவ்வாய் அல்லது வியாழன். விருந்தில் செலரி என்ற தண்டுக்கீரை இருக்கும். மோதிரமோ வெள்ளை கவுனோ கிடையாது. மணப்பெண்ணுக்குப் பெரும்பாலும் நீல உடை. மாப்பிள்ளைக்கு மீசை இருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். வண்டியின் கூடு லங்காஸ்டரில் சாம்பல் நிறம், ஓஹியோவின் ஹோம்ஸ் மாவட்டத்தில் கறுப்பு.

கேள்வி: அட்டையில் சாம்பல் வண்டிதான் இருக்கிறது, வாங்கலாமா?

பதில்: அட்டையை நம்பாதீர்கள் என்றேனே.

கேள்வி: முத்தக் காட்சி உண்டா?

பதில்: முதல் கேள்வி.