பிட்ச் என்று கேட்டால் எதைச் சொல்வது?

கேள்வி: என் மகள் கர்நாடக இசை பயில்கிறாள், 5 கட்டையில் பாடுவாள். இந்த ஆண்டு பள்ளிச் சேர்ந்திசைக் குழுவிலும் சேர்ந்திருக்கிறாள். அங்கே ஆசிரியை "பிட்ச் விலகுகிறது" என்கிறார், கீபோர்டு வாசிப்பவர் "உன் பிட்ச் என்ன?" என்று கேட்கிறார், ஒத்திகையில் "இன்னும் ஹை பிட்ச்சில் பாடு" என்கிறார்கள். மூன்றும் ஒன்றா? அவள் என்ன பதில் சொல்ல வேண்டும்?

பதில்: மூன்றும் ஒன்றல்ல. பிட்ச் என்பது அடிப்படையில் ஒலியின் உயரம். அதாவது ஒரு நொடியில் எத்தனை அதிர்வுகள் என்பது. அதிர்வு கூடினால் ஒலி மேலேறும், குறைந்தால் கீழிறங்கும். நம் பள்ளி இயற்பியல் நூல்கள் இதைச் சுருதி என்றும், ஒலியின் பலத்தை உரப்பு என்றும் பிரித்தே சொல்கின்றன. மேடைப் பேச்சில் இந்தப் பிரிவு மறைந்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

ஆசிரியை "விலகுகிறது" என்று சொல்வது, பாட வேண்டிய ஸ்வரத்துக்குச் சற்று மேலோ கீழோ குரல் நிற்பதை. நம் பாட்டு வாத்தியார்கள் "சுருதி சேரவில்லை" என்று சொல்லும் அதே குறைதான். கீபோர்டுக்காரர் கேட்பது அவளுடைய ஆதார ஷட்ஜம், அதாவது பாட்டுக்கு அடிப்படையான 'ச', எங்கே நிற்கிறது என்பதை. மெல்லிசைக் குழுக்களில் இதையே "ஸ்கேல் என்ன?" என்றும் கேட்பார்கள்; பதில் ஒன்றுதான்.

அந்தப் பதிலைக் கட்டைக் கணக்கிலிருந்தே எடுக்கலாம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து எண்ணினால் சி 1, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6 என்று வரும். கறுப்புக் கட்டைகள் அரைகள்: சி ஷார்ப் ஒன்றரை, டி ஷார்ப் இரண்டரை, எஃப் ஷார்ப் நாலரை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. ஆகவே உங்கள் மகள் சொல்ல வேண்டியது "ஜி" என்பதே.

இங்கேதான் பல வீடுகளில் ஒரு பிசகு நேர்கிறது. கீபோர்டின் நடுவிலுள்ள சி-யிலிருந்து வலப்பக்கமாக எண்ணி, ஐந்தாவது வெள்ளைக் கட்டையை ஷட்ஜமாகக் கொடுத்துக் குழந்தையைப் பாடச் சொல்கிறார்கள். அது நொடிக்கு 392 அதிர்வு. 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு அது மேல் ஷட்ஜம். அவளுடைய மத்திய ஷட்ஜம் நடு சி-க்கு இடப்புறத்தில் இருக்கும் ஜி, அதாவது 196 அதிர்வு. 1 கட்டையில் பாடும் ஆணின் ஷட்ஜம் அதற்கும் கீழே, ஏறக்குறைய 131-இல் இருக்கிறது. கட்டையின் எண்ணை மட்டும் சொல்லி எந்த ஸ்தாயி (ஒரு 'ச'-விலிருந்து அடுத்த 'ச' வரையுள்ள வரிசை) என்பதைச் சொல்லாமல் விட்டால், குழந்தை தொண்டையை இறுக்கிப் பாடிப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகவும் கடினம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாட்டு சி-யில் அமைந்திருந்தால், கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை மைனஸ் 5-இல் வைக்கச் சொல்லுங்கள். வாசிப்பவர் விரல் மாற்றாமலே பாட்டு அவள் ஜி-க்கு இறங்கிவிடும். பிளஸ் 7-உம் ஜி-க்குத்தான் கொண்டுபோகும், ஆனால் ஒரு ஸ்தாயி மேலே.

"ஹை பிட்ச்சில் பாடு" என்பதற்கு, சொல்பவர் எதைக் கருதுகிறார் என்று கேட்டுவிடுவதே நல்லது. பெரும்பாலும் அவர்கள் விரும்புவது உரத்த குரலை. அதற்காகக் கட்டையை ஏற்ற வேண்டியதில்லை. மைக்கை அருகே வைத்துக்கொண்டு மூச்சை நிறைத்துப் பாடினால் போதும். "ஹை பிட்ச்சில் கத்தாதே" என்று வீட்டில் நாம் சொல்வதும் பெரும்பாலும் சத்தத்தைப் பற்றியதே. கிரிக்கெட் ஆடுகளத்தையும், முதலீட்டாளரிடம் ஒரு யோசனையை எடுத்துச் சொல்வதையும் இதே சொல்லால் குறிப்பது ஆங்கில வழக்கு. அவற்றுக்கும் சுருதிக்கும் தொடர்பில்லை.

விலகலைச் சரிசெய்ய, தம்புரா செயலியில் ஜி-யை வைத்து, ஏ 440 (ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு) என்ற அளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்று உலகெங்கும் பொதுவாக வழங்கும் அளவு அது. வீட்டு ஆர்மோனியமோ பழைய சுருதிப் பெட்டியோ அதிலிருந்து சிறிது நகர்ந்திருந்தால், அதோடு பழகிய காதுக்குப் பள்ளிக் கீபோர்டு அந்நியமாகக் கேட்கும். அரைக் கட்டை என்பது 100 சென்ட் (சுருதி வேறுபாட்டை அளக்கும் சிறிய அலகு). செயலியின் நுண்திருத்தத்தில் 10, 20 சென்ட் வேறுபாட்டைக்கூடக் காணலாம்.

5 கட்டைதான் அவளுக்குப் பொருத்தமா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மந்த்ர பஞ்சமமும் (கீழ் ஸ்தாயி 'ப') தார பஞ்சமமும் (மேல் ஸ்தாயி 'ப') சிரமமின்றிப் பேச வேண்டும் என்பது குருமார்கள் கொள்ளும் அளவுகோல். ஜி-யில் அது ஏறக்குறைய 147 முதல் 587 வரை. கீழே குரல் கரைந்தால் ஐந்தரையோ ஆறோ வைத்துப் பார்க்கலாம், ஆனால் அதைப் பாட்டு ஆசிரியர் முடிவு செய்யட்டும். பக்கவாத்தியத்தின் வசதிக்காக மாற்ற வேண்டாம். மிருதங்கத்தையும் ஓர் எல்லைக்கு மேல் ஏற்றி இறக்க முடியாது. தாழ்ந்த சுருதிக்கும் உயர்ந்த சுருதிக்கும் தனித்தனி வாத்தியம் வைத்திருப்பார்கள். ஆகையால் விழாப் படிவத்தில் "சுருதி: 5 கட்டை, ஜி, பெண் குரல்" என்று முழுமையாக எழுதி, வாசிப்பவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.