பாபநாசம் பக்கம் வைக்கோல் போரடியில் கண் திறக்காத மூன்று பூனைக்குட்டிகள் கிடக்கின்றன, தாயைக் காணோம். பசும்பால் கொடுக்கலாமா? வளர்த்து யாரிடம் கொடுப்பது?

பசும்பால் வேண்டாம். அதைவிட முக்கியம், தாய் நிஜமாகவே இல்லையா என்று பார்ப்பது. பூனை குட்டிகளை இடம் மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். இரைக்குப் போனால் சில மணி நேரம் வராது, ஆள் நின்றால் கிட்டவே வராது. குட்டிகளைச் சுற்றி அரிசி மாவை மெல்லிசாகத் தூவிவிட்டு விலகிப் போங்கள். மாவில் காலடி பதிந்திருந்தால் தாய் வந்து போகிறது. வயிறு நிறைந்து சத்தமில்லாமல் தூங்கும் குட்டிகளைத் தூக்கக் கூடாது. கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். மழையில் வைக்கோல் நனைந்துவிட்டால் பக்கத்திலேயே ஈரமில்லாத இடத்தில் வைக்கலாம், குரல் கேட்டுத் தாய் வரும். உடம்பு சில்லிட்டிருந்தாலோ, ஓயாமல் கத்தினாலோ, எறும்பு மொய்த்திருந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

எடுத்ததும் பால் அல்ல, சூடுதான் முதலில். பிறந்த குட்டியால் தன் உடம்புச் சூட்டைக் காக்க முடியாது. சில்லிட்ட குட்டிக்குக் குடல் இயங்காது. அந்த நேரத்தில் ஊட்டும் பால் வயிற்றில் தேங்கும், நுரையீரலுக்கும் போகலாம். அட்டைப் பெட்டியின் பாதியில் மட்டும் வெந்நீர் பாட்டிலைப் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். மறுபாதி காலியாக இருந்தால்தான் சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ளும். பாட்டில் ஆறியதும் மாற்றுங்கள், ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டையே உறிஞ்சும். சுண்டு விரலை வாய்க்குள் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். அதுவரை ஒரு சொட்டுகூட வேண்டாம்.

பசும்பாலில் பூனைப்பாலைவிடப் புரதமும் கொழுப்பும் குறைவு, குட்டிக்குக் கழிச்சலும் பிடிக்கலாம். கழிச்சல் பிடித்தால் நீர் வற்றி ஒரே நாளில் குட்டி போய்விடும். கும்பகோணம், தஞ்சாவூர் செல்லப்பிராணிக் கடைகளில் ‘கிட்டன் மில்க் ரிப்ளேசர்’ (பூனைக்குட்டிக்கான மாற்றுப் பால் பவுடர்) என்று கேளுங்கள். டின்னில் போட்டிருக்கும் அளவிலேயே கரைக்க வேண்டும். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு சுமார் 4 மில்லி. கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும்தான். மல்லாத்திப் பிடிக்காதீர்கள். தாயிடம் குடிப்பதுபோலக் குப்புற இருக்கட்டும், சிரிஞ்சை அழுத்தாமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூக்கில் பால் வந்தால் நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடையுங்கள். ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் வெளியேறும். மூன்று வாரம் வரை இந்த வேலையைத் தாய் நாக்கால் செய்யும்.

தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் 14 நாள் தனி அறை. பூனைக் கழிச்சல் நோயின் வைரஸ் தரையில் ஒரு வருடம்கூடத் தங்கும். பினாயில், டெட்டால் இரண்டும் பூனைக்கு நஞ்சு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி திரவ பிளீச் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறியபின் கழுவிக் காயவிடுங்கள். உண்ணிக்கு நாய்ப் பவுடர் போட்டுவிடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் குட்டி வலிப்பு வந்து சாகும். வயிற்றுப் பூச்சி மருந்தை மூன்றாம் வாரத்திலிருந்து மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம்.

எட்டு வாரம் ஆகி, தானாகத் தின்று, முதல் தடுப்பூசி போட்ட பிறகே தத்துக் கொடுங்கள். டெல்டாவில் பெரும்பாலும் “எலி பிடிக்க ஒண்ணு வேணும்” என்றுதான் கேட்டு வருவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நெல் மூட்டைக்கும் வரப்புக்கும் எலி மருந்து வைப்பீர்களா என்று கேட்டே ஆக வேண்டும். ஜிங்க் பாஸ்பைடோ எலி கேக்கோ தின்று தள்ளாடும் எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும். மருந்தை நிறுத்த மாட்டோம் என்கிற வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். சாக்கில் கட்டிக் கொண்டுபோகவும் விடாதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் கூடையை வாயோடு வாய் வைத்துக் கட்டினால் காற்றோட்டமான கூண்டு தயார். புது வீட்டில் இரண்டு வாரம் ஒரே அறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், அவிழ்த்துவிட்ட அன்றே வெளியே போனால் வழி தெரியாமல் தொலைந்துவிடும். பெண் குட்டி நாலு மாதத்திலேயே சினைப்படலாம். அதற்குள் கருத்தடை செய்ய யார் கூட்டிப்போவது, செலவு யாருடையது என்பதைக் கொடுக்கும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.