கூச்சலுக்கு எத்தனை புள்ளி?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தையும் அதன் ரசிகர் கூட்டத்தையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விளையாட்டுப் பகுதிக் குழுவினரின் பதில்கள்.

கேள்வி: சொந்த ஊரில் ஆடும் அணிக்குச் சாதகம் என்கிறார்களே, அது கணக்கில் தெரிகிற விஷயமா, வெறும் பேச்சா? (ஈரோடு வாசகர்)

கணக்கில் தெரிகிறது. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 3 புள்ளி என்று வைத்துத்தான் ஆட்டக் கணிப்பாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. மார்ச் மாதத் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, உள்ளூரில் என்றால் தரவரிசையில் முதல் 30 இடங்களுக்குள் இருக்கும் அணியை வென்றால்தான் அது முதல் தர வெற்றி. இரு அணிக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில் என்றால் 50 வரை போகலாம். எதிரணியின் ஊரிலேயே போய் வென்றால் 75ஆவது இடத்து அணிகூடப் போதும்.

எல்லாப் புண்ணியத்தையும் ரசிகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். பயண அலுப்பு, மாறிய படுக்கை, பழகாத வளையம், அதன் பின்னால் தெரியும் பழகாத காட்சி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு.

கேள்வி: டியூக் பல்கலைக்கழக அரங்கில் 10,000 பேர்கூட உட்கார முடியாதாம். பிறகு எப்படி அதைக் கண்டு எல்லோரும் நடுங்குகிறார்கள்? (மதுரை வாசகர்)

1940இல் திறந்த கேமரன் அரங்கில் 9,314 பேருக்குத்தான் இடம். சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் சென்டர் இருக்கிறது. 1986இல் திறந்தது, 21,750 இருக்கை. ஆனால் காது அடைக்கும் பெயர் சின்ன அரங்குக்குத்தான். காரணம், யாரை எங்கே வைத்தார்கள் என்பது. டியூக்கில் மாணவர்கள் ஆடுகளத்தை ஒட்டிக் கீழே நிற்கிறார்கள், பணம் கட்டியவர்கள் மேலே உட்காருகிறார்கள். பக்கக் கோட்டில் பந்தை உள்ளே எறிய நிற்கும் எதிரணி வீரரின் முதுகுக்கும் முதல் வரிசை மாணவரின் கைக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. சேப்பல் ஹில்லில் கீழ் இருக்கைகள் பெரும்பாலும் நன்கொடையாளர்களுக்குப் போயின. 1991இல் ஃப்ளோரிடா ஸ்டேட் வீரர் சாம் கசெல், அது ஒயினும் சீஸும் வைத்துக்கொண்டு உட்காரும் கூட்டம் என்று கிண்டலடித்தார். அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. பின்னாளில் கூடைக்குப் பின்னால் மாணவர்களுக்கு நிற்கும் மேடை போட்டார்கள்.

ஒலிக் கணக்கும் இதையே சொல்கிறது. கத்துபவர்கள் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். அதே ஆட்கள் பாதித் தூரத்துக்கு வந்துவிட்டால், சுவர் எதிரொலியை விட்டுவிட்டுப் பார்த்தால், 6 டெசிபல் கூடும். கூரையும் முக்கியம். பர்டூ பல்கலைக்கழகத்தின் மேக்கி அரங்கில் அலுமினியக் குவிமாடம் சத்தத்தைத் திருப்பிக் கீழேயே கொட்டுகிறது. கான்சஸின் ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் 2017 பிப்ரவரியில் 130.4 டெசிபல் பதிவானது. உள்ளரங்கக் கூட்டத்தின் கூச்சலுக்குக் கின்னஸ் சாதனை அது.

அந்தச் சத்தம் எதைக் கெடுக்கிறது என்று கேட்டால், பலரும் பந்து எறிவதை என்பார்கள். எங்கள் கணிப்பில் அதிகம் அடிபடுவது தடுப்பாட்டம். தன் ஆளைத் துரத்தி ஓடுபவருக்குப் பின்னால் ஒருவர் மறிக்க வந்து நின்றால், ‘இடப்பக்கம் மறிப்பு’ என்று கூட ஆடுபவர் குரல் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு விநாடிதான் இருக்கிறது. அந்தக் குரல் காதில் விழாவிட்டால் நேராகப் போய் மோதிக்கொள்வார், அவர் காவல் காத்த ஆள் தனியாகக் கூடைக்குக் கீழே நிற்பார். பந்து கையில் இருக்கும் அணி கைச்சைகையால் சமாளித்துக்கொள்ளும். தடுக்கும் அணிக்கு அந்த வசதி குறைவு, கண்ணெல்லாம் பந்தின் மேலும் ஆள் மேலும் இருக்கும். அதனால் எதிரணி தடுக்கும்போதும் கத்துகிற கூட்டம்தான் விவரமான கூட்டம்.

கேள்வி: டியூக்கில் படிக்கும் என் மகள், ஜனவரிக் குளிரில் புல்தரையில் கூடாரம் போட்டுத் தூங்குகிறேன் என்கிறாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா, நிஜமா? (சென்னை வாசகி)

நிஜம்தான் அம்மா. வட கரோலினாவுடன் நடக்கும் உள்ளூர் ஆட்டத்துக்காக 1986 முதல் நடக்கும் சடங்கு அது. அப்போதைய பயிற்சியாளர் ஷஷெவ்ஸ்கியின் பெயரால் அந்த இடத்துக்கு ‘ஷஷெவ்ஸ்கிவில்’ என்று பெயர். ஒரு கூடாரத்துக்கு 12 பேர் வரை. கறுப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று கட்டம். கறுப்பில் சேர்ந்தால் இரவில் குழுவில் பெரும்பாலோர் உள்ளே இருக்க வேண்டும், வெள்ளையில் ஓரிருவர் போதும். நள்ளிரவானாலும் கண்காணிப்பு மாணவர்கள் ஒலி எழுப்பி ஆள் எண்ணுவார்கள். ஆள் குறைந்தால் வரிசையில் இடம் போய்விடும். கடுங்குளிர் என்றால் அவர்களே உள்ளே போகச் சொல்லி விடுவார்கள்.

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். மரப்பலகைத் தட்டு, அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல் ஃபோம் விரித்தால் தாங்கும். போர்வையை மட்டும் அடுக்கிப் பயனில்லை. குழு உடைவது பெரும்பாலும் முறை போடுவதில்தான். தேர்வு நாள்களை முதலில் குறித்துவிட்டு மீதியைப் பங்கிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃப்ரீ த்ரோ போடும்போது கூடைக்குப் பின்னால் ஆடிப் பாடுகிறார்களே, பலன் உண்டா? (கோவை வாசகர்)

கொஞ்சம் உண்டு. ஃபவுலுக்கு ஈடாக, யாரும் மறிக்காமல் தனியாக எறியும் வாய்ப்பு ஃப்ரீ த்ரோ. பத்தில் சுமார் ஏழு உள்ளே விழும். கூட்டம் என்ன செய்தாலும் அது பாதியாகிவிடாது. ஓர் ஆட்டத்தில் ஒரு புள்ளி கிடைத்தாலே லாபம்.

எல்லோரும் தனித்தனியாகக் கையை ஆட்டினால் கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் ஒரு மங்கல் திரைபோலத்தான் தெரியும். எறிபவர் அதைத் தாண்டி வளையத்தைப் பார்த்துவிடுவார். ஒரே பக்கமாக ஒன்றாகச் சாய்ந்தாலோ, எதிர்பாராத ஒன்று திடீரென்று முளைத்தாலோதான் கண் இழுபடும். அரிசோனா ஸ்டேட் மாணவர்கள் 2013இல் கொண்டுவந்த திரை இந்த இரண்டாவது வகை. கறுப்புத் திரை சட்டென்று விலகும், உள்ளே ஏதோ ஒரு கூத்து. 2016 ஜனவரியில் நீச்சல் உடையும் பதக்கங்களுமாக ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸே உள்ளிருந்து வந்து நின்றார்!

தவறு நடப்பது நேரத்தில். எறிபவருக்கு 10 விநாடி. பந்தைத் தட்டும்போதே திரையைத் திறந்தால் பார்த்துச் சிரித்துவிட்டு நிதானமாக எறிவார். பந்தை உயர்த்தும்போது திறக்க வேண்டும். ஒரே வேடத்தை ஒரே ஆட்டத்தில் இருமுறை காட்டக் கூடாது. பாதி ஆட்டத்தில் கூடை மாறும் என்பதால் மாணவர்கள் ஒரு முனையில் மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

கேள்வி: ரசிகர்கள் வாயே திறக்காத ஆட்டம் ஒன்று உண்டாமே? (திருநெல்வேலி வாசகர்)

உண்டு. இண்டியானாவின் டெய்லர் பல்கலைக்கழகத்தில், டிசம்பரில், தேர்வு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. விதவிதமான வேடத்தில் வந்து, தம் அணி 10ஆவது புள்ளி எடுக்கும்வரை ஊமையாக இருப்பார்கள். எடுத்ததும் கூரை பறக்கும். முதல் 9 புள்ளிவரை, தன் ஷூ தரையில் உரசும் சத்தம்கூட எதிரணி வீரருக்குக் கேட்கும்.

கேள்வி: பறை, ஊதல் கொண்டுபோகலாமா? (தஞ்சை வாசகர்)

கல்லூரி வாத்தியக் குழுவே டைம்அவுட்டிலும் இடைவேளையிலும்தான் வாசிக்கலாம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது வாத்தியம், ஒலிபெருக்கிப் பாட்டு, செயற்கைச் சத்தக் கருவி எதற்கும் இடமில்லை. ஊதல் நடுவரின் விசிலோடு குழம்பும் என்பது வெளிப்படை. பொருளை எறிந்தாலும் டெக்னிக்கல் ஃபவுல்தான், அதாவது எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. ஆர்கன்சாவின் ஜான் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மட்டும், பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்தில் முதல் கூடை விழுந்ததும் கழிவறைக் காகிதச் சுருள்களை ஆடுகளத்துக்குள் வீசி, அந்த ஃபவுலைத் தெரிந்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஜெயித்ததும் ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் ஓடுவது தப்பா? (சேலம் வாசகர்)

ஆபத்து. 2024 ஜனவரியில் ஒஹாயோ ஸ்டேட்டில் அப்படி ஓடிவந்த ஒரு ரசிகையோடு ஐயோவா வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் மோதி விழுந்தார். அடுத்த மாதம் வேக் ஃபாரஸ்டில் ரசிகர்கள் ஓடிவந்ததில் டியூக் வீரர் ஃபிலிபவ்ஸ்கிக்குக் காலில் அடி. தென்கிழக்குக் கல்லூரிகளின் லீக்கான எஸ்.இ.சி. 2025இல் இதற்கான அபராதத்தை ஒரு முறைக்கு 5,00,000 டாலராக்கியது. கட்டுவது கல்லூரி, ஓடிய மாணவர் அல்ல.