எங்க வலிக்குதோ அங்கயே அமுக்கக் கூடாது: கர்ப்ப கால, பிரசவ கால இடுப்பு வலி, மசாஜ் பத்தி வாசகிகள் கேள்விகள்

கர்ப்பமா இருக்கும்போதும் பிள்ளை பெத்த பிறகும் வர்ற இடுப்பு வலி பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தோம். வந்த கடிதங்கள்ல நிறைய பேர் கேட்டது ஒண்ணுதான், "எண்ணெய் போட்டு தேய்க்கலாமா?" பெண்களுக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருத்தங்க இந்த வாரம் பதில் சொல்றாங்க.

கேள்வி: மேடம், எனக்கு இப்போ ஏழாவது மாசம். ஒரு மாசமா அடிவயித்துக்குக் கீழ முன்பக்கம் இருக்குற எலும்புல சுருக் சுருக்குனு வலி. ராத்திரி புரண்டு படுக்க முடியல, ஒத்தக் கால்ல நின்னு பேன்ட் போட முடியல, படி ஏறும்போது கடக்குனு ஒரு சத்தம் வேற. செக்கப்ல கேட்டா "கர்ப்பம்னா வலிக்கத்தாம்மா செய்யும்"னு அனுப்பிட்டாங்க. மாமியார் நல்லெண்ணெய் காய்ச்சி தேய்ச்சு விடறேன்றாங்க. தேய்க்கலாமா, குழந்தைக்கு ஏதாச்சும் ஆயிடுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, இந்த வலி உங்க மனப்பிரமை இல்ல, நீங்க பொறுத்துக்கத் தெரியாதவங்களும் இல்ல. கர்ப்பிணிகள்ல அஞ்சுல ஒருத்தருக்கு இது வருது. "வலிக்கத்தான் செய்யும்"னு யாராச்சும் சொல்லி அனுப்பினா எனக்கு கோவம்தான் வரும், ஏன்னா இதுக்கு செய்யுறதுக்கு எவ்வளவோ இருக்கு.

நம்ம இடுப்பு எலும்பு ஒரே எலும்பு கிடையாது, ஒரு வளையம் மாதிரி. முன்னாடி ஒரு மூட்டு, பின்னாடி முதுகெலும்பு முடியுற இடத்துல ரெண்டு பக்கமும் ரெண்டு மூட்டு. முன்னாடி மூட்டுல சாதாரணமா 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கர்ப்பத்துல ரிலாக்சின் மாதிரி ஹார்மோன்கள் சுரந்து மூட்டைக் கட்டியிருக்குற நார்களை இளக வைக்கும், இடைவெளி இன்னும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் கூடும், குழந்தை வெளிய வர வழி வேணும்ல. இது எல்லா கர்ப்பிணிக்கும் நடக்குறதுதான். சிலருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அசையாம ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்து கிடக்கும், அப்போ வளையத்தைப் பிடிச்சு நிறுத்த பிட்டத்து சதை, கீழ்முதுகு சதை, தொடை சதை எல்லாம் ராத்திரி பகலா வேலை பார்க்கும். வேலை பார்த்துப் பார்த்து அந்த சதை முடிச்சு போட்டுக்கும். உங்க மாமியார் கை உதவப் போறது அந்த முடிச்சுக்குத்தான், முன்னாடி எலும்புக்கு இல்ல.

போன வருஷம் ஒரு அம்மா மருமகளைக் கூட்டிட்டு வந்தாங்க, "எண்ணெய் போட்டு அந்த எலும்பை நல்லா நீவி விட்டேன், மறுநாள் எந்திரிக்கவே முடியல"னு கண் கலங்குனாங்க. நான் அந்தப் பொண்ணை இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சு, முழங்கால் ரெண்டுக்கும் நடுவுல ஒரு தலைகாணி, வயித்துக்கு அடியில மடிச்ச துண்டு ஒண்ணு வச்சேன். அந்த அம்மா கையை எடுத்து வலது பக்க பிட்டத்துல, இடுப்பு எலும்போட மேல் விளிம்புல இருந்து நாலு விரக்கடை கீழ வச்சேன். அவங்களே சொன்னாங்க, "அட, இங்க கட்டியா இருக்கே, சப்பாத்தி மாவு உருண்டை மாதிரி." அதேதான். உள்ளங்கையை வச்சு மெதுவா வட்டமா அஞ்சு நிமிஷம் தேய்ச்சாங்க, அந்தப் பொண்ணு பெருமூச்சு விட்டா. முன்னாடி எலும்பைத் தொடவே இல்ல, ஆனா எந்திரிச்சு நடக்கும்போது முன்னாடி வலி குறைஞ்சிருந்துச்சு.

அதனால தாராளமா தேய்க்கச் சொல்லுங்க, இப்படித்தான். மல்லாக்கப் படுக்காதீங்க, ஒருக்களிச்சு படுங்க. எண்ணெய் வெதுவெதுப்பா இருக்கணும், மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பார்த்துட்டு போடச் சொல்லுங்க. முதுகுத்தண்டு மேல வேணாம், தண்டுக்கு ரெண்டு பக்கமும் உள்ள சதை, பிட்டம், தொடையோட வெளிப்பக்கம், இவ்வளவு போதும், பத்து பதினஞ்சு நிமிஷம். நீங்க மூச்சை இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலிச்சா அழுத்தம் ஜாஸ்தின்னு அர்த்தம், உடனே சொல்லிடுங்க, மாமியாராச்சேன்னு தயங்காதீங்க. வயித்துல அமுக்கக் கூடாது, தொடை உள்பக்கமும் கெண்டைக்காலும் அழுத்தி நீவக் கூடாது, காரணம் கீழ வேற ஒரு கேள்வியில சொல்றேன். வலி பாம், டைக்ளோஃபெனாக் ஜெல் இதெல்லாம் வீட்ல இருக்குன்னு எடுத்துப் பூசாதீங்க, தோல் வழியா உள்ள போற மருந்துதான் அதுவும், டாக்டரைக் கேக்காம வேணாம். "எலும்பு விலகியிருக்கு, தட்டி ஏத்துறேன்"னு சொல்றவங்ககிட்ட போகவே போகாதீங்க.

ஆனா மசாஜ் மட்டும் போதாதும்மா, இறுக்கத்தை எடுக்கும், மூட்டைப் பிடிச்சு நிறுத்தாது. நீங்க புரள்ற விதம் மாறணும். படுக்கையில ரெண்டு முழங்காலையும் மடக்கி, நடுவுல ஒரு நோட்டு வச்சு அது கீழ விழாம இடுக்கிக்கிற மாதிரி சேர்த்து வச்சுக்குங்க, தோள் இடுப்பு முழங்கால் மூணும் ஒண்ணா உருளணும். பேன்ட் போட உக்காந்துக்குங்க. படியில ரெண்டு காலையும் ஒரே படியில வச்சு வச்சு ஏறுங்க. பைக்ல ஒரு பக்கமா கால் போட்டு உக்கார்றோமே, அது இடுப்பை முறுக்கி வைக்குற மாதிரி, பிரசவம் வரைக்கும் ஆட்டோவுல போங்க. இடுப்பு பெல்ட் போட்டா வயித்துக்கு மேல இல்ல, கீழ, தொடை ஆரம்பிக்கிற எலும்பு கைக்கு தட்டுப்படுதுல்ல அந்த மட்டத்துல வரணும், பிசியோகிட்ட ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க.

வலி விட்டு விட்டு ஒரே சீரா வந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தண்ணி கசிஞ்சாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ, காய்ச்சலோட ஒண்ணுக்கு போறப்ப எரிச்சல் இருந்தாலோ அன்னிக்கு எண்ணெய் காய்ச்சாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

கேள்வி: என் மகளுக்கு சிசேரியன் ஆகி 20 நாள். எங்க ஊர்ல ஒரு ஆயா இருக்காங்க, பிள்ளை பெத்தவங்களுக்கு எண்ணெய் தேய்ச்சு வயித்தை அமுக்கி சுடுதண்ணி ஊத்தி துணியால இறுக்கிக் கட்டுவாங்க, என்னைய அப்படித்தான் தேத்துனாங்க. மகள் பயப்படுறா. பச்சை உடம்பு, தேய்க்காம விட்டா இடுப்பு பிடிச்சுக்காதா? (வாசகி, மதுரை மாவட்டம்)

பதில்: அம்மா, அந்த ஆயா கை மேல எனக்கு மரியாதை உண்டு. பிள்ளை பெத்தவளை நாப்பது நாள் உக்கார வச்சு ஒருத்தர் தொட்டுப் பார்த்துக்குறது பெரிய விஷயம், பால் குடுத்துக் குடுத்து கூனிப் போன முதுகுக்கும் தோளுக்கும் அது ரொம்ப தேவை. ஆனா நீங்க பெத்தது சுகப்பிரசவம், உங்க மகளுக்கு வயித்துல தோல், கொழுப்பு, சதை மேல உள்ள உறை, உள் சவ்வு, கர்ப்பப்பைன்னு ஒவ்வொரு அடுக்கா வெட்டி தச்சிருக்காங்க. வெளியில தெரியுற தையல் ஆறினாலும் உள்ள ஆறிக்கிட்டே இருக்கும். ஆறு வாரம் முடிஞ்சு டாக்டர் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் வயித்துல கை வைக்க வேணாம், உயரத்துல இருந்து சுடுதண்ணி அடிச்சு ஊத்தவும் வேணாம். அதுவரைக்கும் தோள், கழுத்து, முதுகு, கை, பாதம், இதை மெதுவா தேய்க்கச் சொல்லுங்க, ஆயாவுக்கு வேலை இருக்கு.

இறுக்கிக் கட்டுறது பத்தியும் சொல்லணும். லேசா தாங்கிப் பிடிக்கிற மாதிரி பெல்ட் போட்டா இருமும்போது எந்திரிக்கும்போது தைரியமா இருக்கும், நல்லதுதான். மூச்சு முட்டற அளவு கட்டினா அழுத்தம் எல்லாம் கீழதான் இறங்கும், பத்து மாசம் சுமந்து தளர்ந்த இடம் அது. அடி இறங்கிடுச்சுன்னு பின்னாடி கஷ்டப்படுறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. வயிறு உள்ள போறதுக்கு கட்டு காரணம் இல்லம்மா, கர்ப்பப்பை தானா ஆறு வாரத்துல பழைய அளவுக்கு சுருங்கிடும், நடுவுல பிரிஞ்ச சதைக்கு மூச்சோட சேர்ந்த எக்சர்சைஸ்தான் வழி.

ஆறு வாரத்துக்கு அப்புறம் காயம் நல்லா மூடி காஞ்சிருந்தா மகளே தழும்பு மசாஜ் பண்ணலாம். ரெண்டு விரலைத் தழும்புக்குப் பக்கத்துல வச்சு, தோல் மேல வழுக்காம தோலையே மேல கீழ, இடது வலதா நகர்த்தணும், தினம் அஞ்சு நிமிஷம். முதல்ல மரத்த மாதிரி இருக்கும், கை வைக்கவே கூச்சமா பயமா இருக்கும், முதல் வாரம் சும்மா துணி மேல தடவினாலே போதும். ஒட்டிக்கிட்ட தழும்பு சிலருக்கு அடிவயித்தையும் கவட்டையையும் இழுத்துக்கிட்டே இருக்கும், அது தளர்ந்தா நிமிர்ந்து நிக்கவே சுகமா இருக்கும்.

கேள்வி: பிரசவம் ஆகி 12 நாள், இடது கால் மட்டும் கெண்டைக்கால் வீங்கி சூடா இருக்கு, நடந்தா வலி. எண்ணெய் தேய்ச்சு நீவி விட்டா சரியாகுமா? (வாசகி, கரூர்)

பதில்: நீவாதீங்க, தேய்க்காதீங்க. இந்த பதிலைப் படிக்கிறப்போ இப்படி இருக்குற யாரா இருந்தாலும் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கர்ப்பத்துலயும் பிரசவத்துக்கு அப்புறம் முதல் ஆறு வாரத்துலயும் ரத்தம் சீக்கிரம் உறையும், பிரசவத்துல ரத்தப்போக்கை நிறுத்த உடம்பு பண்ற ஏற்பாடு அது. சில சமயம் கால் ரத்தக் குழாய்ல ரத்தக் கட்டி நின்னுடும், கர்ப்பிணிகளுக்கு இடது கால்லதான் அதிகம். அதை நீவினா பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்து. டாப்ளர் ஸ்கேன் ஒண்ணு எடுத்தா தெரிஞ்சிடும், மருந்து இருக்கு. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ யோசிக்கவே வேணாம், 108 கூப்பிடுங்க. மேல தொடை உள்பக்கம், கெண்டைக்கால் அழுத்தக் கூடாதுன்னு சொன்னேனே, இதுக்குத்தான்.

கேள்வி: இதை யார்கிட்டயும் கேக்க முடியல. சுகப்பிரசவம் ஆகி எட்டு மாசம், தையல் போட்டாங்க. இப்பவும் கணவரோட சேரும்போது கத்தி வச்ச மாதிரி வலி. டாக்டர் பார்த்துட்டு தையல் நல்லா ஆறிடுச்சுன்னாங்க. யூடியூப் பார்த்து கீகல் பண்றேன், இன்னும் மோசமாகுது. எனக்கு விருப்பம் இல்லைன்னு அவர் நினைக்கிறார். (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: கேட்டது ரொம்ப நல்லது தங்கச்சி. உங்களை மாதிரி நிறைய பேர் வருஷக்கணக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்க, அதை நினைச்சா மனசு கனக்குது.

இடுப்பு வளையத்துக்கு அடியில ஊஞ்சல் துணி மாதிரி ஒரு சதைப் படுகை இருக்கு. கீகல் அதை இறுக்குற பயிற்சி. சிலருக்கு பிரசவத்துக்கு அப்புறம் அது தளர்ந்து போகும், அவங்களுக்கு கீகல் நல்லது. ஆனா காயத்தோட வலியில சிலருக்கு அந்த சதை பயந்து சுருங்கின முஷ்டி மாதிரி இறுகியே நின்னுடும். முஷ்டியை இன்னும் இறுக்கினா என்ன ஆகும்? அதான் உங்களுக்கு நடக்குது. கீகலை இன்னியோட நிறுத்துங்க. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி அடிவயிறு உப்புற மாதிரி மூச்சை இழுங்க, இழுக்கும்போது கீழ்ப்பகுதி மலர்ந்து விரியுறதா நினைச்சுக்குங்க, தினம் ரெண்டு வேளை.

இந்த சதைப் படுகைக்குன்னே (பெல்விக் ஃப்ளோர்னு சொல்வாங்க) தனியா பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட்கள் இப்போ நம்ம பெரிய ஊர்கள்ல இருக்காங்க. கையுறை போட்டு, ஒரு விரலால உள்ள இருந்து அந்த இறுகின புள்ளியை மெதுவா அழுத்திப் பிடிச்சு தளர்த்துவாங்க. என்ன பண்ணப் போறாங்கன்னு முதல்லயே சொல்லுவாங்க, நீங்க சரின்னு சொன்னா மட்டும்தான் தொடணும், பாதியில வேணாம்னா நிறுத்தணும், அப்படி இல்லாத இடத்துல இருந்து எந்திரிச்சு வந்துடுங்க. அப்புறம் வீட்ல நீங்களே சுத்தமான கட்டைவிரலால பண்ண கத்துக் குடுப்பாங்க. பால் குடுக்குற வரைக்கும் ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் குறைவா இருக்கும், அந்த இடம் வறண்டு போகும், அதுவும் எரிச்சலுக்கு ஒரு காரணம். தண்ணி அடிப்படையில செஞ்ச லூப்ரிகன்ட் மெடிக்கல்ல கிடைக்கும், வாங்கிக்குங்க. இந்தப் பக்கத்தை கணவர்கிட்ட படிக்கக் குடுங்க. உங்களுக்கு இருக்குறது விருப்பக்குறைவு இல்ல, சதைப்பிடிப்பு.

கேள்வி: சிசேரியனுக்கு முதுகுல போட்ட ஊசியாலதான் எனக்கு ஒரு வருஷமா இடுப்பு வலின்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா? (வாசகி, தாம்பரம்)

பதில்: இல்லம்மா. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், வருஷக்கணக்குல வலிக்க அது காரணம் இல்ல. குழந்தையை ஒரே பக்க இடுப்புல தூக்குறது, குனிஞ்சு குனிஞ்சு பால் குடுக்குறது, தளர்ந்த வயித்து சதை, தூக்கமின்மை, இதைத்தான் பார்க்கணும். ஊசியைத் திட்டிக்கிட்டே இருந்தா உண்மையான காரணம் அப்படியே கிடக்கும்.

கேள்வி: மனைவிக்கு பிரசவமாகி நாலு மாசம், வால் எலும்புல வலி, உக்காந்து பால் குடுக்க கஷ்டப்படறா. நான் மசாஜ் பண்ணி விடலாமா, எப்படி? (வாசகர், சேலம்)

பதில்: பண்ணுங்க தம்பி. வால் எலும்பைத் தொட வேணாம். அவங்க ஒருக்களிச்சு படுக்கட்டும், எலும்புக்கு ரெண்டு பக்கமும் பிட்டத்து சதையில உள்ளங்கை வச்சு வெளிப்பக்கமா தள்ளித் தள்ளி தேய்ங்க, ஒரு பக்கத்துக்கு அஞ்சு நிமிஷம். அழுத்தம் போதுமான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேளுங்க. பின்பக்கம் வெட்டு விட்ட குஷன் ஒண்ணு வாங்கிக் குடுங்க, சாஞ்சு உக்காந்தா எடை வால் எலும்பு மேல இறங்கும், அதனால கொஞ்சம் முன்னாடி வந்து உக்காந்து மடியில தலைகாணி வச்சு குழந்தையை மேல தூக்கிக்கணும். மலச்சிக்கல் இருந்தா வலி கூடும், தண்ணியும் கீரையும் பார்த்துக்குங்க. ராத்திரி பாலுக்கு அவங்களைப் படுத்துக்கிட்டே குடுக்கச் சொல்லிட்டு, ஏப்பம் விட வைக்கிற வேலையை நீங்க எடுத்துக்குங்க. ஒரு மாசம் பார்த்தும் குறையலன்னா எலும்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.